எலும்பு கூடிய பிறகும் காத்திருந்த கூகை

சாலையோரத்தில் ஓர் இறக்கை தொங்கக் கிடந்த கூகையை எடுத்து வந்த இரவில், அதற்கு உடனே ஏதாவது ஊட்டிவிட வேண்டும் என்றுதான் மனம் பதைத்தது. தொலைபேசியில் பேசிய பறவை மருத்துவர் அதைத் தடுத்து, முதலில் மார்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நடுவெலும்பு கத்தி முனை போலத் துருத்திக்கொண்டிருந்தது. அவ்வளவு மெலிந்து நீர் வற்றிய உடலுக்குத் திட உணவே ஆபத்தாகலாம், வாயில் தண்ணீர் ஊற்றினாலோ அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடக்கூடும் என்பதால், காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் அதை விட்டு, விடியும்வரை இருட்டில் சந்தடியில்லாமல் வைத்திருந்தேன்.

இறக்கையின் நடுப்பகுதியில் உள்ள இரண்டு எலும்புகளில் தடித்தது மட்டுமே முறிந்திருந்தது. மெல்லியது முறியாமல் அதற்குச் சிம்பு போல நின்றதால், அறுவை சிகிச்சை இல்லாமல் கட்டுப் போட்டே சமாளிக்க முடிந்தது. ஆனால் கட்டு நெடுநாள் நீடித்தால் இறக்கையின் முன்விளிம்புத் தோல் சுருங்கி, எலும்பு கூடிய பிறகும் இறக்கை முழுதாக விரியாது. அதனால் சில நாட்களுக்கு ஒருமுறை மயக்கம் கொடுத்து, கட்டை அவிழ்த்து, மெல்ல நீட்டி மடக்கினார்கள்.

தேறியபின் முழு எலியாகக் கொடுக்கத் தொடங்கினோம். மறுநாள் கூண்டில், செரிக்காததைக் கூகை கக்கிய கரிய பளபளப்பான உருண்டை ஒன்று கிடந்தது. பிரித்துப் பார்த்தேன்: நனைந்த மயிருக்குள் பற்களோடு ஒரு சிறு மண்டையோடு. வெறும் இறைச்சித் துண்டுகளில் கிடைக்காத சுண்ணாம்புச் சத்தை எலியின் எலும்புகளிலிருந்துதான் அது பெறுகிறது.

கட்டு அவிழ்ந்து, நீண்ட கூடத்தில் அது பறந்தபோது எனக்குக் கண் கலங்கியது. மருத்துவரோ கண்ணை மூடிக் கேட்கச் சொன்னார். கேட்டேன், ஒவ்வொரு வீச்சிலும் மெல்லிய சரசரப்பு. நான் முதலில் வைத்திருந்த கம்பிக் கூண்டில் உரசி, வெளிச்சிறகுகள் இரண்டின் சீப்புப் பல் போன்ற விளிம்பு தேய்ந்திருந்தது. இருட்டில் காதை மட்டுமே நம்பி வேட்டையாடும் பறவைக்கு அந்த ஒலி போதும் பட்டினி கிடக்க. அது என் தவறு, இன்றும் வருந்துகிறேன்.

இறந்த கூகை ஒன்றிலிருந்து எடுத்து வைத்திருந்த சிறகுகளை, தண்டுக்குள் மூங்கில் சீவல் செருகிப் பசையிட்டு ஒட்டினார்கள். அடுத்த முறை கண்ணை மூடியபோது, நகங்கள் மரக்கிளையைப் பற்றிய ஓசை மட்டுமே கேட்டது.