நம்ம வீட்டு கராஜ்

நான்: [படம்] நம்ம பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருக்கு வெபர் 45 கார்புரேட்டர் வந்தாச்சு! ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிடலாம் என்று இருக்கிறேன்.

அண்ணன்: இப்போது இருக்கும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டரைக் கழற்றப் போகிறாயா? நன்றாகத்தானே இருந்தது?

நான்: ரேஸுக்குப் போனால் பவர் வேண்டாமா அண்ணா? 1965 எம்ஜிபி, 1798 சிசி. புதிதாக இருந்தபோதே 95 குதிரைத்திறன்தான்.

சின்ன மாமா: பிரேக் ஆயில் எப்போது மாற்றினாய்?

நான்: முன்பு வைத்திருந்தவர் மாற்றியிருப்பார் மாமா.

சின்ன மாமா: "இருப்பார்" எல்லாம் வேண்டாம். மூடியைத் திறந்து படம் போடு.

நான்: [படம்]

சின்ன மாமா: கறுத்தே போய்விட்டது. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டால் 155 பக்கத்திலேயே கொதிக்கலாம். சாலையில் ஓட்டும்போது தெரியாது. டிராக்கில் நாலு சுற்று அழுத்தி ஓட்டிப் பார், பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போய்விடும்.

அத்தை: ஐயோ, முதலில் அதைப் பாருடா.

அண்ணன்: வயர் வீலோடுதான் ஓட்டப் போகிறாயா? சின்ன ஸ்பேனரால் அதன் கம்பிகளை (ஸ்போக்) ஒவ்வொன்றாகத் தட்டு. கணீரென்றால் சரி. மொத்தென்று கேட்டால் தளர்ந்திருக்கிறது.

நான்: 😬 இப்போதே தட்டினேன். இடது பின் சக்கரத்தில் மூன்று மொத்து.

சின்ன மாமா: சம்ப்புக்குள், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்குள், ஆயில் ஒரு பக்கம் ஓடாமல் தடுக்கும் தகடு இருக்கிறதா? நான் அது இல்லாமல் ஓட்டினவன். நீளமான வளைவு, வண்டி ஒட்டிக்கொண்டு போகிறது, எனக்கு ஒரே குஷி. பார்த்தால் ஆயில் பிரஷர் முள் படுத்துக் கிடக்கிறது. ஆயில் முழுக்க ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் வெறும் காற்றை உறிஞ்சியிருக்கிறது. வளைவு முடிந்ததும் முள் எழுந்துவிட்டது, நானும் விட்டுவிட்டேன். மூன்று சுற்றில் பேரிங் காலி.

நான்: தகடு இல்லை மாமா 🙈

சித்தி மகன்: வெபருக்கு விதி இடம் கொடுக்குமா?

சின்ன மாமா: உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் போட்டி என்றால், பழைய கார்களுக்கான அப்பெண்டிக்ஸ் கே விதிதான். அந்தக் காலத்தில் அந்த மாடலில் இருந்ததைத்தான் மாட்டலாம். கம்பெனியே ஓட்டிய எம்ஜிபிகளில் வெபர் உண்டு. ஆனால் விண்ணப்பிக்கும் முன் உன் வகுப்பு விதியைப் படி. 1963இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஆலன் ஹட்சிசன் ஆரம்பத்திலேயே எம்ஜிபியை மணலில் இறக்கிவிட்டார். தோண்டி எடுக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல். அப்படியும் அவரும் பேடி ஹாப்கர்க்கும் 12ஆவதாக முடித்தார்கள். பவரை விடு, வண்டி 24 மணி நேரமும் தாங்கியதே, அதைப் பார்.

நான்: சரி, வெபர் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். பிரேக், சக்கரம், சம்ப்.

அண்ணன்: அப்புறம் தீயணைப்பான், பேட்டரியைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச், வண்டி கவிழ்ந்தால் காக்கும் ரோல் கேஜ். சீட் பெல்ட் லேபிளில் தேதி பார்த்தாயா?

நான்: போன வருஷமே முடிந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதான்.

அத்தை: போடாதே, எனக்குக் கொடு. பெட்டி கட்ட ஆகும்.