தாத்தாவின் திமிரி நாகசுரத்துக்குச் சீவாளி யாரிடம் கிடைக்கும்?

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் ஓடு மாற்றுவதற்காகப் பரணைக் காலி செய்தபோது, பழைய வேட்டியில் சுற்றிய தாத்தாவின் நாகசுரம் கிடைத்தது. இப்போது பெரும்பாலும் வாசிக்கும் பாரி வகை அல்ல அது. நாகசுர வித்வான் டி. என். ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரியைக் கொண்டுவருவதற்கு முன் எங்கும் ஒலித்த திமிரி என்ற குட்டை வகை. அளந்து பார்த்தேன், அடியில் விரிந்திருக்கும் அணசோடு சேர்த்து 21 அங்குலம்தான். பக்கத்து வீட்டுச் சேட்டன் கேரளத்துச் சிறு ஊதுகருவியான குறுங்குழல் என்றே நினைத்துவிட்டார்!

உலவில், அதாவது மரக்குழலில், விரிசல் இல்லை. கீழ்த்துளை ஒன்றில் பழைய மெழுகு அப்படியே இருக்கிறது. சுருதி திருத்த தாத்தா வைத்ததாக இருக்கும், சுரண்ட மனசு வரவில்லை. அணசு மட்டும் விளிம்பில் பிளந்திருக்கிறது. வாயில் வைத்து ஊதும் சீவாளியைப் பூச்சி அரித்துவிட்டது, அதைச் செருகும் உலோகக் குழாயான கெண்டையைக் காணோம்.

பாரிக்கான கெண்டையும் சீவாளியும் வாங்கிச் செருகிப் பார்த்தேன். மேல் ஸ்தாயி ஏறவே இல்லை, பிளிறுகிறது. ஆசாரி ஒருவர் துளைகளைப் பெரிதாக்கித் தருகிறேன் என்றார். ஐயோ வேண்டாம் என்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நரசிங்கம்பேட்டை, திருவாவடுதுறைப் பக்கம் ஆட்களைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திமிரி அளவுக்குக் கெண்டையும் நாணல் சீவாளியும் செய்பவர்கள் இப்போது உண்டா? கருவியை நேரில் கொண்டுபோக வேண்டுமா, அளவு அனுப்பினால் போதுமா? அப்புறம், பிளந்த அணசை ஒட்டலாமா, புதிதாகக் கடைந்து போடுவதுதான் சரியா? திமிரி வாசிக்கிறவர்கள் எத்தனை கட்டைச் சுருதியில் வைத்திருக்கிறீர்கள் என்றும் சொன்னால் நல்லது. ஆவணியில் வீட்டில் கல்யாணம், அதற்குள் ஊதிப் பார்க்க ஆசை.