சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் ஏறுவது: முதியவருடன் வருவோருக்கு எது எளிது?

தாமிரபரணிக்கரை:
அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் டெல்லியிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் காலையில் சென்னை சென்ட்ரல் வந்து சேர்ந்து, அன்று இரவே எழும்பூரிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசிக்குப் புறப்பட வேண்டியிருக்கிறது. உடன் வருபவர் 78 வயதான என் தாயார். சமதளத்தில் மெல்ல நடந்துவிடுவார். படி ஏறுவதுதான் அவரால் இயலாது. இரண்டு பெரிய பெட்டிகளும் ஒரு பையும் உண்டு. பெட்டிகளைச் சென்ட்ரல் கிளோக் ரூமில் (பயணிகளின் பொருள்களைக் காத்துவைக்கும் அறை) விட்டுவிட்டு, அண்ணா நகரில் உள்ள சித்தி வீட்டில் அம்மா சற்று ஓய்வெடுத்த பின், மாலையில் திரும்பி வந்து பெட்டிகளுடன் எழும்பூர் செல்லலாம் என எண்ணியுள்ளேன். இத்திட்டம் சரிவருமா? இரு நிலையங்களுக்கும் இடையே எதில் செல்வது நல்லது?

பூங்காநகர்ப் பயணி:
சென்ட்ரலுக்கு எதிரே பூங்கா ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து தாம்பரம் மார்க்கத்தில் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர். கட்டணம் 5 ரூபாய்தான். பெயர்களில் மட்டும் கவனம் தேவை. வேளச்சேரி பறக்கும் ரயிலுக்கான பூங்கா நகர் நிலையம் வேறு. சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறப்படும் மின்சார ரயில்கள் அரக்கோணம், கும்மிடிப்பூண்டிப் பக்கம் செல்பவை, அவை எழும்பூருக்குப் போகா.

வால்டாக்ஸ் சாலை வாசி:
தனியாக வருபவருக்கு மேலே சொன்ன வழி மிக நல்லது. ஆனால் அம்மாவுடனும் பெட்டிகளுடனும் வருபவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பூங்கா நிலையத்துக்குப் போக பூந்தமல்லி நெடுஞ்சாலையைச் சுரங்கப்பாதை வழியாகக் கடக்க வேண்டும். இறங்கவும் படி, ஏறவும் படி. மின்சார ரயில் நிற்பதோ சில நொடிகள். காலை வேளையில் அலுவலகம் செல்வோரின் நெரிசலுக்குள் ஒரு மூதாட்டியை ஏற்றி, பெட்டிகளையும் ஏற்றுவது நடக்கிற காரியமன்று.

உங்கள் திட்டத்தில் நான் மாற்றச் சொல்வது ஒன்றுதான். பெட்டிகளைச் சென்ட்ரலில் விடாதீர்கள். காலையிலேயே அவற்றோடு எழும்பூருக்குப் போய்விடுங்கள். இரு நிலையங்களுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்தான். அதிகாலையில் காரில் சில நிமிடங்களில் கடந்துவிடும் அதே தொலைவு, மாலையில் போக்குவரத்து நெரிசலில் சிக்கினால் பொறுமையைச் சோதித்துவிடும். எழும்பூரிலும் கிளோக் ரூம் உண்டு. பூட்டில்லாத பெட்டியை வாங்க மாட்டார்கள் என்பதால், பையையும் பூட்ட ஒரு சிறு பூட்டு வாங்கி வாருங்கள். பயணச்சீட்டையும் அடையாள அட்டையையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். பெட்டிகள் புறப்படும் நிலையத்தில் இருந்துவிட்டால் மாலையில் அம்மாவை அழைத்து வருவது மட்டுமே உங்கள் வேலை.

சித்தி வீட்டுக்குச் செல்ல எழும்பூரிலிருந்து மெட்ரோவின் பச்சை வழித்தடம் நேராக அண்ணா நகருக்குப் போகிறது. இடையில் மாற வேண்டியதில்லை. மெட்ரோ நிலையங்களில் மின்தூக்கி இருப்பதால் படிக்கட்டுத் தொல்லையும் இல்லை. அலைச்சலே வேண்டாம் என்றால், பொதிகைப் பயணச்சீட்டின் பிஎன்ஆர் எண்ணைக் கொண்டு எழும்பூர் ஓய்வறையை ஐஆர்சிடிசி தளத்தில் முன்பதிவு செய்ய முயலுங்கள். இருக்கை உறுதியான சீட்டுக்கும் ஆர்ஏசி (தனிப் படுக்கை உறுதியாகாமல் அமர இடம் மட்டும் கிடைத்த) சீட்டுக்கும் அது கிடைக்கும். அறைகள் சிலவே என்பதால் முந்திக்கொள்வது நல்லது.

தாமிரபரணிக்கரை:
மிக்க நன்றி ஐயா. பெட்டிகளை முதலிலேயே எழும்பூருக்குக் கொண்டுபோவது எனக்குத் தோன்றவேயில்லை. ஒரே ஊரில் இப்படி இரண்டு நிலையங்களுக்கு ஏன் அலைய விடுகிறார்கள் என்று அம்மா கேட்கிறார். சென்ட்ரலில் இறங்கியதும் வாசல் வரை அவர் நடக்க வேண்டிய தொலைவு எவ்வளவு இருக்கும் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மீட்டர்கேஜ் நினைவுகள்:
அம்மாவின் கேள்விக்கு விடை பழைய தண்டவாளங்களில் இருக்கிறது. 1873-இல் தொடங்கிய சென்ட்ரல், வடக்கும் மேற்கும் செல்லும் அகலப்பாதைக்காக மெட்ராஸ் ரயில்வே கம்பெனி கட்டியது. 1908-இல் திறக்கப்பட்ட எழும்பூர், தெற்கே செல்லும் மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலமே உள்ள) பாதைக்காகத் தென்னிந்திய ரயில்வே கம்பெனி கட்டியது. பின்னாளில் தெற்குப் பாதையும் அகலப்பாதையாகிவிட்டது. என்றாலும் சென்ட்ரலின் தண்டவாளங்கள் முட்டி நின்று முடிபவை, வெளியேறும் ஒரே வழி பேசின் பிரிட்ஜ் பக்கம். அதனால் பழைய பிரிவினை பெரும்பாலும் அப்படியே நீடிக்கிறது.

தண்டவாளம் முட்டி முடிவதில் உங்களுக்கு ஒரு நன்மை உண்டு. எல்லா நடைமேடைகளும் ஒரு முனையில் ஒரே தளத்தில் சேர்வதால், எந்த நடைமேடையில் வண்டி நின்றாலும் மேம்பாலம் ஏறாமலே வெளியே வந்துவிடலாம். ஆனால் தொலைவு அதிகம். 22 பெட்டிகள் கொண்ட வண்டி அரை கிலோமீட்டருக்கு மேல் நீளும்; எஞ்சின் வாசல் பக்கம் நிற்பதால், கடைசிப் பெட்டியில் வருபவர் அவ்வளவு தூரமும் நடக்க வேண்டும். முதியோருக்கான பேட்டரி கார் நடைமேடையில் ஓடுகிறது. அது வரும் வரை அம்மாவை இருக்கையிலேயே அமர வைத்துவிட்டு, கூட்டம் இறங்கிய பின் இறங்குங்கள். போர்ட்டர் வைத்துக்கொண்டால், பெட்டியைத் தூக்குமுன் கூலியைப் பேசி முடித்துவிடுங்கள்.

வால்டாக்ஸ் சாலை வாசி:
மேலும் இரண்டு செய்திகள். எழும்பூரில் மறுசீரமைப்புப் பணி நடப்பதை ஒட்டிச் சில தென்மாவட்ட ரயில்கள் தாம்பரத்திலிருந்து இயக்கப்பட்டுள்ளன. ஆகவே பயணத்துக்கு முதல் நாள், உங்கள் வண்டி புறப்படும் நிலையத்தை மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். அடுத்து, எழும்பூர் சென்ட்ரலைப் போன்றதன்று. அங்கே நடைமேடை மாற மேம்பாலம் ஏற வேண்டிவரும். நடைமேடை எண்ணை முன்னதாகவே விசாரித்து, காந்தி இர்வின் சாலை வாசலா, பூந்தமல்லி நெடுஞ்சாலை வாசலா, எது அருகில் என்று பார்த்து அந்தப் பக்கமே காரை நிறுத்தச் சொல்லுங்கள்.