புதுச் செடிகள் கரைந்து போகின்றன, பிடுங்கிப் போட்டுவிடலாமா?

கேள்வி
ஒன்றரை அடி மீன் தொட்டி, நாற்பது லிட்டர் இருக்கும். ஆறு கப்பி மீன். பிளாஸ்டிக் செடி போதும் போதும் என்றாகி, இரண்டு வாரத்துக்கு முன் சென்னை கொளத்தூர் அலங்கார மீன் கடைகளுக்குப் போய் அனுபியாஸ், கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா வாங்கி வந்தேன். வீட்டில் போர் தண்ணீர், வாளியில் வெள்ளையாகப் படியும். இப்போது கிரிப்டோ இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி ஆகிவிட்டது. அசையாமல் நிற்கட்டும் என்று ஆழமாகப் புதைத்த அனுபியாஸ் நாறுகிறது. கண்ணாடியில் பொடி நத்தைகள் வேறு. கடையில் உரம் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில் 1
உரம் இப்போது வேண்டாம், காசை வையுங்கள். கிரிப்டோவைத் தொடவே தொடாதீர்கள். பண்ணையில் பெரும்பாலும் இலை வெளியே இருக்கும்படி, ஈரக்காற்றில்தான் வளர்ப்பார்கள். தண்ணீருக்குள் போனதும் பழைய இலை கரையும். வேர் வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் மூன்று நான்கு வாரத்தில் புது இலை வரும். நான் முதல் தடவை பொறுமையில்லாமல் பிடுங்கி எறிந்தேன். எறியும்போதுதான் வேரடியில் நகம் அளவுக்கு ஒரு துளிரைப் பார்த்தேன், இன்னும் வயிற்றெரிச்சல்.

அனுபியாஸை இன்றே வெளியே எடுங்கள். இஞ்சி போலப் படுத்திருக்கிறதே, அந்தத் தண்டு மணலுக்குள் போகக் கூடாது. கொழகொழத்த பகுதியைப் பிளேடால் வெட்டிவிட்டு, மீதியைக் கல்லில் வைத்துப் பருத்தித் தையல் நூலால் கட்டுங்கள். நூல் மக்குவதற்குள் வேர் கல்லைப் பிடித்துக்கொள்ளும்.

வாலிஸ்னேரியாவுக்கு வேர் மட்டும் மணலுக்குள், இலை கிளம்பும் வெளிர் பகுதி வெளியே. போர் தண்ணீர் அதற்கும் கப்பிக்கும் பிரச்சினையே இல்லை. விளக்கு ஆறேழு மணி நேரம் போதும், அதற்கு மேல் போனால் பாசிதான் வளரும்.

அடுத்த முறை வாங்கியதும் செடியை வைத்துத் தரும் சின்னக் கூடையையும் வேரைச் சுற்றிய பஞ்சையும் முழுக்க உரித்து எடுங்கள். சாமணம் இருந்தால் சுலபம். கட்டாக வாங்கினால் ஈயப் பட்டையைக் கழற்றுங்கள், அது நசுக்கிய இடத்திலிருந்துதான் அழுகும்.

பதில் 2
நத்தைக்கு: இலைக்கு அடியில் ஜெல்லி மாதிரி ஒட்டியிருப்பது முட்டை. நகத்தால் சுரண்டிவிடுங்கள். செடியைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் முக்கினாலும் அந்த ஜெல்லிக்குள் இருப்பது பிழைத்துவிடும். மருந்து ஊற்றி நத்தையைக் கொல்லப் போகாதீர்கள், தீனியைக் குறைத்தாலே எண்ணிக்கை இறங்கும். எனக்கு அவை இருப்பதில் ஆட்சேபணையும் இல்லை, அழுகிய இலையை யார் தின்பது?

கேட்டவர்
கிரிப்டோ வேர் வெள்ளையாகத்தான் இருக்கிறது, விட்டுவிட்டேன். அனுபியாஸில் வெட்டியது போக அரை விரல் நீளமும் மூன்று இலையும் மிஞ்சின. வீட்டில் இருந்தது நீல நூல், அதிலேயே கட்டினேன். கப்பிகள் காலையிலிருந்து அந்த நூல் முடிச்சைத்தான் கொத்திக்கொண்டிருக்கின்றன.