தவறான அளவில் பூட்டப்பட்ட டயர்கள்: உங்கள் ஆலோசனை தேவை

திருகோணமலை உறவுகளுக்கு வணக்கம். எங்கள் சுசுகி வேகன் ஆர் காரின் கதவுத் தூணில் 155/65 ஆர் 14 என்று தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தும், நகரிலுள்ள கடையொன்றில் நான்கு சில்லுகளுக்கும் 165/70 ஆர் 14 டயர்களைப் பூட்டிவிட்டார்கள். விட்டம் ஏறத்தாழ மூன்று சென்றிமீற்றர் கூடிவிட்டதால், வேகமானி 60 காட்டும்போது கார் உண்மையில் 63 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது. அதைவிட, ஸ்டியரிங்கை முழுவதுமாகத் திருப்பும்போது முன் டயர் மட்காட்டின் உட்புறத்தில் உரசுவதுதான் எனக்குப் பெரும் அச்சம், ஏனெனில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வரும் வாகனம் இது.

ஓடிய டயர்களை மீள எடுக்க முடியாது என்கிறார் கடைக்காரர். ஆனால் அவர்கள் தந்த பற்றுச்சீட்டில் சரியான அளவே எழுதப்பட்டுள்ளது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறைப்பாடு செய்ய வேண்டும் என்பதால் காலம் தாழ்த்த விரும்பவில்லை. அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பதற்கு முன், வாகனத்தைப் பரிசோதித்து அளவு பிழை என்று எழுதித் தரக்கூடிய கராஜ் அநுராதபுரச் சந்திப் பக்கம் இருக்கிறதா என்பதையும், இவ்வாறு முறையிட்டவர்களுக்குப் பணம் முழுமையாகக் கிடைத்ததா அல்லது டயர்களை மாற்றி மட்டும் கொடுத்தார்களா என்பதையும் தெரிந்தவர்கள் தயவுசெய்து அறியத்தாருங்கள்.