புதுப்பிப்பு: அம்மாவின் முழங்காலுக்கு அக்குபங்சர்

அம்மாவின் முழங்கால் தேய்மானத்துக்கு அக்குபங்சர் (சீன ஊசி வைத்தியம்) செய்யலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குக் கூட்டிப்போய் நாலு முறை முடிந்துவிட்டது.

நாடி பிடித்து நாக்கையும் பார்த்தார்கள். ஊசி தலைமயிர் மாதிரி மெல்லியது, மருந்து ஏற்றுவதில்லை, குத்திய இடத்தில் ஒரு கனமும் விறைப்பும் வரும், சீனத்தில் அதைத் 'தே சி' என்பார்கள், அப்படியே 20, 30 நிமிடம் படுத்திருக்க வேண்டும். தேய்ந்தது வளராது, ஆனால் வலி குறைந்து அம்மா கிணற்றடிக்குத் தனியாகப் போகிறா, எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

போகிறவர்கள் புது ஊசிப் பக்கெட்டைக் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குளிசை குடிப்பதையும், உடம்பில் ஷெல் (எறிகணை) துண்டு இருந்தால் அதையும் முதலே சொல்லிவிடுங்கள். அப்புறம், சீனி, பிரஷர் குளிசைகளைத் தயவுசெய்து நிறுத்த வேண்டாம்.