3.12 நொடியா, 3.4 நொடியா? ஜிடி3 வாங்கி ஆறு வாரம்

ஒன்பதாயிரம்:
போன வாரம் வேறொரு இழையில் ஒருவர் எழுதியிருந்தார்: 510 எச்பி வைத்துக்கொண்டு 0-100க்கு (நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்கு) 3.4 நொடி எடுக்கும் வண்டி, சத்தத்துக்காக மட்டும் வாங்கும் பொம்மை என்று. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அந்த வண்டி என்னிடம் இருக்கிறது. போர்ஷே 911 ஜிடி3, 992 தலைமுறை, பிடிகே கியர் (கிளட்ச் பெடல் இல்லாத தானியங்கி கியர்). கைக்கு வந்து ஆறு வாரம், 2,300 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

முதல் 1,500 கிலோமீட்டர் வரை எஞ்சினை விரட்டவில்லை. அந்த நாட்களிலேயே என்னை அசரவைத்தது முன்பக்கம். இதற்கு முன்னால் சாலைக்கு வந்த 911களில் முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்தான், அதாவது சக்கரத்தை ஒற்றைத் தூண் தாங்கும் சஸ்பென்ஷன். இதில்தான் ஆர்எஸ்ஆர் பந்தய வண்டியின் வழியில் டபுள் விஷ்போன் வைத்தார்கள், மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு. பழைய 911ஐ ஓட்டியவர்களுக்குத் தெரியும், எஞ்சின் பின்னால் இருப்பதால் மூக்கு லேசாக இருக்கும், வளைவில் நுழையும்போது முன்சக்கரம் ஒரு கணம் யோசிக்கும். பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடியே திருப்ப வேண்டும். இதில் அந்த யோசனையே இல்லை. திருப்பினால் மூக்கு உள்ளே போய்விடுகிறது. வண்டி சாயும்போதும் டயர் தரையில் தட்டையாக உட்கார்ந்திருப்பது ஸ்டீயரிங்கில் தெரிகிறது.

அப்புறம் அந்த 4.0 லிட்டர் எஞ்சின். டர்போ கிடையாது. ஆறு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் (காற்றை உள்ளே விடும் வால்வு). நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு மேல் குரலே மாறுகிறது. முழு 510 எச்பி வருவது 8,400ல், அதற்கு மேலும் 9,000 வரை ஏறலாம். கரடான சாலையில் முதுகு நன்றாக உணரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிறு ஒரு பழைய விமான ஓடுபாதையில், அனுமதியோடு, ஜிபிஎஸ் கருவி பொருத்தி லாஞ்ச் கன்ட்ரோலில் (நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் கிளப்பும் வசதி) நான்கு தடவை கிளப்பினேன். சிறந்த நேரம் 3.12 நொடி. 3.4 என்று இளக்காரமாக எழுதியவர் இதைப் படிக்கட்டும்.

நிறுத்துகடிகாரம்:
3.4 என்று எழுதியவன் நான்தான். அது நான் கண்டுபிடித்த எண் இல்லை, போர்ஷே வெளியிட்ட எண். தயாரித்தவரே 3.4 என்கிறார், நீங்கள் 3.12 என்கிறீர்கள். கருவியில் "ஒரு அடி ரோல்அவுட்" என்று ஒரு அமைப்பு இருக்கும். அது இயங்கிக்கொண்டிருந்ததா?

ஒன்பதாயிரம்:
பெட்டியிலிருந்து எடுத்தபடி வைத்தேன். எதையும் தொடவில்லை. கருவி பொய் சொல்லாது.

நிறுத்துகடிகாரம்:
சில கருவிகளில் அது இயங்கும் நிலையிலேயே வரும். அப்படியானால் நீங்கள் அளந்தது 0-100 இல்லை. வண்டி நகர்ந்து முதல் ஒரு அடியைத் தாண்டும்வரை கடிகாரம் ஓடவே இல்லை.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு அடி என்றால் 30.48 சென்டிமீட்டர். 1 ஜி (புவியீர்ப்புக்குச் சமமான) வேகமுடுக்கத்தில் கிளம்பும் வண்டி அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 0.25 நொடி எடுக்கும். கடந்து முடிக்கும்போது வேகம் மணிக்கு 8.8 கிலோமீட்டர். ஆக நீங்கள் அளந்தது 8.8லிருந்து 100. மூன்று பன்னிரண்டோடு 0.25ஐச் சேருங்கள், 3.37. போர்ஷே சொன்ன 3.4 அதுதான். உங்கள் வண்டியில் விசேஷமாக ஒன்றும் இல்லை.

மூன்றாம்_பெடல்:
அந்த முன் அச்சைப் பற்றி இன்னும் எழுதுங்கள் நண்பரே. நொடிக்கணக்கை விடுங்கள். ஆனால் ஒரு வருத்தம், பிடிகே ஏன் எடுத்தீர்கள்? ஆறு கியர் மேனுவல் 17 கிலோ குறைவு, 1,418 கிலோ.

ஒன்பதாயிரம்:
@நிறுத்துகடிகாரம் "விசேஷமாக ஒன்றும் இல்லை" என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வருகிறது? இரண்டே சக்கரம் தள்ளும் வண்டி, டர்போ இல்லை, மின்மோட்டார் இல்லை. அமெரிக்கக் கார்ப் பத்திரிகைகள் பலவும் ரோல்அவுட்டோடுதான் எண் போடுகின்றன. அவர்கள் அளந்தால் சோதனை, நான் அளந்தால் பொய்யா?

நிறுத்துகடிகாரம்:
பொய் என்று நான் சொல்லவில்லை. 0-100 இல்லை என்றேன். பத்திரிகைகள் ரோல்அவுட் கழித்தது என்பதைத் தங்கள் சோதனை முறையில் எழுதிவைக்கின்றன. நீங்கள் எழுதவில்லை. டெஸ்லாகூட மாடல் எஸ் பிளெய்டுக்கு 1.99 நொடி என்று போட்டபோது, ரோல்அவுட் கழித்தது என்று ஓரத்தில் குறித்தது.

பாதிப் பேருக்கு இது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. கால் மைல் நேர்கோட்டு டிராக் (drag) பந்தயத்தில் முன்சக்கரம் ஒரு ஒளிக்கற்றையை மறைத்தபடி நிற்கும். சக்கரம் உருண்டு கற்றையை விட்டு விலகினால்தான் கடிகாரம் ஓடும். அந்த இடைவெளிக்குள் வண்டி ஏற்கெனவே நகர்ந்திருக்கும். டிராக் தளத்தில் எல்லோருக்கும் ஒரே விதி, அதனால் அங்கே நியாயம். அதைத் தூக்கிக்கொண்டு வந்து 0 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டுவது நியாயம் இல்லை. 0 என்றால் 0.

காட்சில்லா_35:
போர்ஷேக்காரர்களே எண்ணுக்காக அடித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். 2008ஐ நான் மறக்கவில்லை. நிசான் ஜிடி-ஆர் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தளத்தை 7 நிமிடம் 29 நொடியில் சுற்றியபோது நம்பாமல், ஒரு ஜிடி-ஆரை வாங்கி ஓட்டிப் பார்த்து 7:54தான் வருகிறது என்று அறிவித்தது போர்ஷேதானே? இன்றைக்கு உங்கள் வண்டிக்கு 0.28 நொடி சந்தேகம் வந்ததும் வலிக்கிறது. எங்களை 25 நொடி பொய்யர்கள் என்றீர்கள்.

ஒன்பதாயிரம்:
2008ல் நடந்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு? நான் ஒரு வண்டி வாங்கினேன், அவ்வளவுதான்.

காட்சில்லா_35:
சின்னத்தைப் பெருமையாகச் சுமக்கிறீர்கள், பழியையும் சுமக்க வேண்டியதுதான். அதுவும் நூர்பர்க்ரிங்கில் உங்கள் ஜிடி3யின் 6:59.927 எந்த டயரில் வந்தது? கப் 2 ஆர். கிட்டத்தட்ட பந்தய டயர். அதை யாரும் சொல்வதில்லை.

நிறுத்துகடிகாரம்:
அது வேறு கதை, இங்கே கொண்டுவராதீர்கள். 6:59.927 என்பது 20.8 கிலோமீட்டர் முழுச் சுற்று. பழைய 20.6 கிலோமீட்டர் கணக்கில் 6:55 சொச்சம். போர்ஷே இரண்டையும் தனித்தனியாகச் சொன்னது. பாருங்கள், அளவு வேறு என்றால் வேறு என்று சொல்லிவிடுகிறார்கள். @ஒன்பதாயிரம் செய்யாதது அதைத்தான். அவர் ஒரு அடியை விழுங்கிவிட்டு 0-100 என்றார்.

காட்சில்லா_35:
போன வருடம் பிரேக் தூரம் பற்றிய இழையில் நீங்கள் பாதியில் காணாமல் போனது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது அளவு, வரையறை எல்லாம் எங்கே போயிருந்தன?

நிறுத்துகடிகாரம்:
காணாமல் போகவில்லை. ஈரத்தளத்து எண்ணைக் காய்ந்த தளத்து எண்ணோடு வைத்துப் பேசினீர்கள், அதற்குப் பதில் எழுதினேன், நீங்கள் படிக்கவில்லை.

ஈரச்சாலை:
ஒரு யோசனை. எதை 0 என்கிறோம், எதை 100 என்கிறோம் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டால் என்ன? அமெரிக்க எண் மணிக்கு 60 மைல், அதாவது மணிக்கு 96.56 கிலோமீட்டர்தான். வேகத்தில் அந்தக் கடைசி மூன்றரை கிலோமீட்டரை ஏற்றவே இந்த வகை வண்டிக்கு சுமார் 0.15 நொடி ஆகும். ரோல்அவுட்டும் 60 மைலும் சேர்ந்தால் வித்தியாசம் 0.4 நொடிவரை வரும். இரண்டு பேரும் ஒரே அளவைப் பற்றிப் பேசினால் சண்டையே வராது என்று நினைக்கிறேன்.

ஒன்பதாயிரம்:
நான் 100க்குத்தான் அளந்தேன். 3.12.

நிறுத்துகடிகாரம்:
8.8லிருந்து 100க்கு 3.12.

மூன்றாம்_பெடல்:
இதனால்தான் மேனுவல் வேண்டும் என்கிறேன். மேனுவல் ஜிடி3யின் அதிகாரபூர்வ எண் 3.9. யாரும் அதைப் பெருமை பேசுவதில்லை, யாரும் சண்டை போடுவதும் இல்லை. 2013ல் வந்த முந்தைய தலைமுறை (991) ஜிடி3யில் மேனுவலையே எடுத்துவிட்டார்கள். எத்தனை பேர் மனசு உடைந்தார்கள். கேட்டுக் கேட்டு 2017ல்தான் திரும்பக் கிடைத்தது. கிடைத்தும் பிடிகே வாங்குபவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

ஒன்பதாயிரம்:
என் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. கிளட்ச் மிதிக்க முடியாது. வயிறு எரிவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம்.

மூன்றாம்_பெடல்:
அது தெரியாது, அந்த வார்த்தையை எடுத்துவிடுகிறேன். ஆனாலும் கால் நன்றாக இருப்பவர்கள் வாங்குவது தவறு என்பதில் மாற்றமில்லை.

நிறுத்துகடிகாரம்:
கியர் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ரோல்அவுட் இயங்கிக்கொண்டிருந்ததா, இல்லையா? ஆம் அல்லது இல்லை. நான்கு தடவை ஓட்டியவர் ஒரு தடவை அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்க முடியாதா?

இது ஏன் எனக்கு முக்கியம் என்றும் சொல்கிறேன். பதினைந்து வருடமாகப் பந்தயத் தளங்களில் தன்னார்வ நேரக்காப்பாளராக நிற்கிறேன். வெயிலில் நின்று ஆயிரத்தில் ஒரு நொடி வரை எழுதுகிறோம். அந்த எண்ணை நம்பித்தான் ஒருவர் ஜெயிக்கிறார், ஒருவர் தோற்கிறார். ஒருவர் வந்து கால் நொடியைக் கழித்துவிட்டு, வாங்கியபடியே இருந்தது என்று கையை விரித்தால் கோபம் வரத்தான் செய்யும். நாளைக்கு இதைப் படிக்கும் ஒரு பையன் தன் வண்டியில் ரோல்அவுட் இல்லாமல் அளந்து 3.4 வந்தால், வண்டியில் கோளாறு என்று நினைப்பான்.

ஒன்பதாயிரம்:
சரி, பார்த்தேன். இயங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் நான் எழுதியதில் முக்கால்வாசி முன் அச்சைப் பற்றி. அதைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதினீர்களா? பின்னால் இருக்கும் இறக்கையைப் பற்றிக் கேட்டீர்களா? அதை அன்னத்தின் கழுத்து மாதிரி மேலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். இறக்கையின் வேலை நடப்பது அடிப்புறத்தில். அங்கே தாங்கிகள் குறுக்கே நின்றால் காற்று கலையும், அதனால் தாங்கிகளை மேலே கொண்டுபோனார்கள். இரவில் வண்டியை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இதையெல்லாம் எழுத ஆசையாக வந்தேன். உங்களுக்கு ஒரு அடிதான் தெரிகிறது.

நிறுத்துகடிகாரம்:
இறக்கையைப் பற்றி நீங்கள் தவறாக எதுவும் எழுதவில்லை, அதனால் நானும் எதுவும் எழுதவில்லை. நேரத்தைத் தவறாக எழுதினீர்கள்.

காட்சில்லா_35:
ஒப்புக்கொண்டாயிற்று. இப்போது யாராவது 2008க்கும் பதில் சொல்லுங்கள். ஜிடி-ஆர் நான்கு சக்கரமும் தள்ளும் வண்டி, ரோல்அவுட் இல்லாமலே கிளம்பும். டர்போ இருப்பதால் மலைமேல் போனாலும் பலம் அவ்வளவாகக் குறையாது. டர்போ இல்லாத எஞ்சினுக்குக் காற்று மெலிந்தால் மூச்சு வாங்கும். ஓடுபாதை எந்த உயரத்தில் இருந்தது என்று கேளுங்கள்.

ஒன்பதாயிரம்:
டர்போதான் வேண்டுமென்றால் அதே 911 குடும்பத்தில் 2020ல் வந்த டர்போ எஸ் இருக்கிறது. 650 எச்பி, 2.7 நொடி, நான்கு சக்கர இயக்கம். அதை நானும் ஓட்டிப் பார்த்தேன். வேகம் வயிற்றில் குத்துகிறது, ஆனால் 9,000 வரை ஏறும் அந்தக் குரல் அதில் கிடையாது. தெரிந்தேதான் ஜிடி3 எடுத்தேன்.

நிறுத்துகடிகாரம்:
2.7 என்பது போர்ஷே சொன்ன எண். பாருங்கள், டர்போ எஸ்சுக்குத் தொழிற்சாலை எண்ணை எடுக்கிறீர்கள், உங்கள் வண்டிக்கு மட்டும் ரோல்அவுட் எண்.

ஈரச்சாலை:
@ஒன்பதாயிரம் ரோல்அவுட்டை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்களேன். இதற்குமேல் வாதம் எதற்கு?

ஒன்பதாயிரம்:
ஓட்டினேன். அதே ஓடுபாதை, டயரைச் சூடாக்கிக்கொண்டு ஐந்து தடவை. ரோல்அவுட் நிறுத்தியது. சிறந்த நேரம் 3.38.

அதாவது தொழிற்சாலை சொன்ன 3.4ஐ விடக் குறைவு. என் வண்டி சொன்னதைவிட வேகமானது என்றுதான் முதலிலிருந்தே சொல்லி வருகிறேன்.

நிறுத்துகடிகாரம்:
3.38ஐ ஒரு தசமத்துக்குச் சுருக்கினால் 3.4. நான் 3.37 என்று கணக்கு போட்டுக் காட்டியது மேலே இருக்கிறது, போய்ப் பாருங்கள். நீங்கள் எழுதியது 3.12.

ஒன்பதாயிரம்:
3.38 என்பது 3.4ஐ விடக் குறைவு. சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

மூன்றாம்_பெடல்:
மேனுவலில் இந்தப் பிரச்சினையே இல்லை.

காட்சில்லா_35:
உயரம் எவ்வளவு என்று கேட்டேன்.

நிறுத்துகடிகாரம்:
உயரம் பிறகு. ஐந்து தடவையும் ஒரே திசையிலா, இரண்டு திசையிலுமா? ஓடுபாதையில் லேசான சரிவு இருந்தால் 0.02 நொடி ஒரு பொருட்டே இல்லை. காற்று எந்தப் பக்கம் வீசியது?